கிடந்த மரமும் கிடத்திய மரமும்

சேர்வராயன் மலைமீது, ஏற்காட்டை அடுத்துள்ளது கரடியூர் என்னும் சிற்றூர். காப்பித் தோட்டங்களும், அவற்றிற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், அம்மரங்களைத் தழுவியேறும் மிளகுக் கொடிகளும் சூழ்ந்த அவ்வூரில் என் தாய்மாமன் ஒரு தோட்டத்தின் இராக்காவலராகப் பணிபுரிந்து வந்தார். யான் பத்தாம் வகுப்பிற் பயின்றபொழுது, கார்த்திகைத் திங்களில் ஓரிரவு பெருங்காற்று வீசிற்று. பொழுது புலருமுன்னரே மரமொன்று வேரோடு சாய்ந்து, தோட்டத்துப் பாதையின் குறுக்கே கிடந்தது. காப்பி மூட்டைகளை ஏற்றிச் செல்ல வந்த லாரி நண்பகல்வரை அப்பால் நிற்க நேர்ந்தது. தோட்டத்தின் உரிமையாளர் வேற்று மாநிலத்தில் வாழ்பவர், தமிழ் அறியார். தாமதத்தின் காரணத்தை எழுதியனுப்புமாறு மாமாவுக்கு அவரிடமிருந்து கட்டளை பிறந்தது. "மாப்பிள்ளை, நீதான் இங்கிலீஷ் படிக்கிறாயே, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடு" என்று தாளும் பேனாவும் கொணர்ந்து என்முன் வைத்தார் மாமா.

யானும் பெருமிதத்தோடு எழுதினேன். மரம் பாதையின் குறுக்கே கிடந்தது என்பதே சொல்ல வேண்டிய செய்தி. அதனை, 'எ ட்ரீ வாஸ் லெய்டு அக்ராஸ் த ரோட்' என்று எழுதி, கீழே மாமாவின் கையொப்பத்தையும் வாங்கி அனுப்பினேன். நான்கு நாளில் மறுமொழி வந்தது. மரத்தைக் குறுக்கே கிடத்தியவர் எவர், அவர்தம் பெயர்களைத் தெரிவிக்கவும், தெரிவிக்கும்வரை காவலரின் சம்பளம் நிறுத்தி வைக்கப்படும் என்பது அதன் சாரம். மரம் வெட்டுதல் மலைநாட்டில் விளையாட்டன்று. மலைப்பகுதி மரங்களைக் காப்பதற்கென்றே 1955ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. காற்றுச் செய்த காரியம், என் கடிதத்தால், பெயரறியாத மனிதர் செய்த குற்றமாகிவிட்டது. மாமாவோ யாரையோ மறைக்கின்றவர் ஆகிவிட்டார்.

கடிதத்தின் படியை எடுத்துக்கொண்டு பள்ளியில் எங்கட்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியரிடம் ஓடினேன். அவர் படித்துப் பார்த்து, சிரிக்கவுமில்லை, சினக்கவுமில்லை. "இந்த வாக்கியத்தை அப்படியே தமிழில் சொல்" என்றார். "மரம் குறுக்கே கிடத்தப்பட்டது" என்று சொல்லி வாய் மூடுமுன் பிழை இன்னதென்று எனக்கே விளங்கிவிட்டது. தமிழில் ஒருபோதும் செய்யாத பிழையை ஆங்கிலத்தில் ஏன் செய்தேன் என்னும் வினா அன்று தோன்றியது. தமிழிலக்கணம் பயிலும் இந்நாளில் அதற்கு ஒருவாறு விடை கிடைத்திருக்கிறது. அவ்விடையே இக்கட்டுரையின் பொருள்.

ஆங்கிலத்தில் 'லை' என்றொரு வினையும் 'லே' என்றொரு வினையும் உள. முன்னது கிடத்தல், படுத்தல் என்னும் பொருளது. பின்னது கிடத்துதல், வைத்தல் என்னும் பொருளது. லை என்பது இறந்தகாலத்தில் 'லே' என்றாகும். ஹாவ், ஹாட் என்னும் துணைவினைகளின்பின் 'லேன்' என்றாகும். லே என்பதோ இறந்தகாலத்திலும் துணைவினையின் பின்னும் 'லெய்டு' என்றே நிற்கும். (இதனை 'லேட்' என்றெழுதின் தாமதத்தைக் குறிக்கும் சொல்லோடு மயங்குமாதலின், யான் லெய்டு என்றே எழுதுகிறேன், ஆங்கிலப் பேராசிரியர்கள் பொறுத்தருள்க.) இடர் எங்கேயுளது என்பது இப்பொழுது புலனாகும். கிடத்து என்னும் வினையின் பகுதியும், கிட என்னும் வினையின் இறந்தகாலமும் எழுத்தாலும் ஒலியாலும் ஒன்றே. 'லே' என்ற ஒரு வடிவத்தைத் தனியே கண்டால், 'கிடத்து' என்பதோ 'கிடந்தான்' என்பதோ என்று அறிய வழியில்லை. இவ்வளவும் போதாவென்று, பொய் சொல்லுதலைக் குறிக்கும் 'லை' என்னும் வேறொரு வினையும் அதே எழுத்துக்களால் அமைந்துளது. அது மட்டும் இறந்தகாலத்தில் 'லைடு' என்று ஒழுங்காக நடக்கும்.

எழுத்துப்பிழை திருத்தும் கணினியும் கைப்பேசியும் இங்கே பெரும்பாலும் துணை செய்யமாட்டா. லே, லெய்டு இரண்டும் எழுத்தளவிற் பிழையற்ற சொற்களே ஆதலின், எழுதியவர் கருதியது எது என்பதை அக்கருவிகள் பலகால் உணர்வதில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். தன்வினை பிறவினையாகும் வழிகள் நம் மொழியிற் பல. 'வி', 'பி' என்னும் விகுதிகளால் 'செய்வி', 'நடப்பி' என்றாற்போல வருவனவற்றை நன்னூலார் கூறுகின்றார். ஆயினும் விகுதியை நாடாமலே, சொல்லின் உள்ளேயே ஓரெழுத்து வலிந்து பிறவினையாதலே வழக்கில் மிகுதி. திருந்து என்பது திருத்து என்றும், அடங்கு என்பது அடக்கு என்றும், ஓடு என்பது ஓட்டு என்றும் ஆதல் காண்க. பிரிந்தான், பிரித்தான் என்பவற்றிற் பகுதி மாறவேயில்லை. இடையிலுள்ள மெல்லெழுத்தும் வல்லெழுத்துமே தாமாகப் பிரிந்தாரையும் பிறரைப் பிரித்தாரையும் வேறுபடுத்துகின்றன. இவ்வரிசையிலே கிட, கிடத்து என்பனவும், வீழ், வீழ்த்து என்பனவும், நில், நிறுத்து என்பனவும் சேரும். மலைக்காட்டில் ஆடு மேய்க்கும் சிறுவனும் 'கல் உருண்டது', 'கல்லை உருட்டினான்' என்பவற்றை மாற்றிச் சொல்லான்.

ஆங்கிலத்தில் உள்ள மயக்கம் நம் மொழியில் இல்லாமையால்தான் நாம் தப்புகின்றோம் என்று முதலில் எண்ணினேன். அஃது உண்மையன்று. அதே மயக்கத்திற்குரிய இடம் நம் மொழியிலும் இருக்கிறது. 'படு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்க. 'படுத்து உறங்கினான்' என்னும்போது 'படுத்து' என்பது தன்வினையின் இறந்தகால வினையெச்சம். 'பயன்படுத்து', 'மேம்படுத்து' என்னும்போது அதே 'படுத்து' என்பது பிறவினையின் பகுதி. எழுத்தில் அணுவளவும் வேறுபாடில்லை. இறந்தகால வடிவமும் பிறவினைப் பகுதியும் ஒன்றாய் நிற்கும் இந்நிலை, ஆங்கில 'லே'க்கு நேர்ந்ததை ஒத்ததே அன்றோ? மேலும் வியப்பு யாதெனின், அங்கே பொய் சொல்லும் லை ஒன்று தனியே இருப்பதுபோல, இங்கும் வேறொரு 'படு' உண்டு. பாயிற் படுத்தான் என்பது ஒன்று. துன்பம் பட்டான் என்பது மற்றொன்று. பகுதி ஒன்றுபோலத் தோன்றினும் இறந்தகாலம் வேறு வேறாக நடக்கின்றது.

அவ்வாறிருந்தும் தமிழர் எவரும் இங்கு இடறுவதில்லை. என்னை? தமிழ் வினை பகுதியோடு நின்றுவிடாமல் இடைநிலையும் விகுதியும் பெற்று நடக்கின்றது. 'படுத்தான்' என்பதில் பகுதி படு, தகர ஒற்றுச் சந்தி, பின்வரும் தகரம் இறந்தகால இடைநிலை, ஆன் விகுதி. 'படுத்தினான்' என்பதிலோ பகுதி படுத்து, இன் என்பது இடைநிலை, ஆன் விகுதி. அந்த 'இன்' ஒன்றே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகின்றது. படுத்தான் என்பது ஆங்கிலத்தில் லே. படுத்தினான் என்பது லெய்டு. ஆங்கிலமோ பழைய இறுதிகளையெல்லாம் காலப்போக்கில் உதிர்த்துவிட்ட மொழி. சொல் மொட்டையாக நிற்கின்றது. அதன் முன்னும் பின்னும் உள்ள சொற்களைக் கொண்டே அதன் இயல்பை உணரவேண்டும். (வீட்டுப் பேச்சில் 'என்னைப் படுத்தாதே' என்று நாம் சொல்வதும் இப்பிறவினையே. விடுதித் தோழர் சிலர்க்கு இதனை இலக்கணக் குறிப்போடு சொல்லிப் பார்த்தும் பயனில்லை.)

ஆங்கிலத்திலும் இவ்விரு வினைகள் தொடக்கத்தில் இவ்வளவு நெருங்கியிருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் கிடத்தற்கு 'லிஜ்ஜன்' என்றும் கிடத்துதற்கு 'லெஜ்ஜன்' என்றும் ஏறக்குறைய ஒலித்த இருவேறு சொற்கள் இருந்தன. ஆங்கிலம், ஜெர்மன் முதலியவை கிளைத்த மூலமொழியில் தன்வினையைப் பிறவினையாக்க ஒரு முறை இருந்தது: தன்வினையின் இறந்தகாலத்தில் வரும் உயிரொலியை எடுத்துக்கொண்டு, அதனோடு ஒரு விகுதியைச் சேர்ப்பர். ஆகவே பிறவினை, பிறந்தபோதே தன்வினையின் இறந்தகாலச் சாயலோடு பிறந்தது. பின்னர் விகுதி தேய்ந்தது. சாயல் மட்டும் எஞ்சிற்று. ஜெர்மன் மொழியில் இவ்விரண்டும் லீகன், லேகன் என்று இன்றும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. தன்வினையின் இறந்தகாலம் அங்கே 'லாக்' என்பதாதலின் குழப்பத்துக்கு இடமில்லை. ஆங்கிலத்தில்தான் ஒலிகள் தேய்ந்து ஓரிடத்தில் மோதிக்கொண்டன.

இவ்வகைப் பிறவினைகள் ஆங்கிலத்தில் இன்னும் சில எஞ்சியுள்ளன. அமர்தலைக் குறிக்கும் 'சிட்' என்பதற்கு அமர்த்துதலாகிய 'செட்' துணை. குடித்தலாகிய 'டிரிங்க்' என்பதிலிருந்து குடிக்கச் செய்தல் என்னும் பொருளில் எழுந்த 'டிரெஞ்ச்' என்பது இன்று பெரும்பாலும் தோய நனைத்தலையே குறிக்கின்றது. எழுதலும் எழுப்புதலுமாகிய 'ரைஸ்', 'ரெய்ஸ்' என்பவற்றையும் இங்குச் சேர்க்கலாம். எல்லாவற்றினும் என் கதைக்குப் பொருந்துவது வீழ்தலாகிய 'ஃபால்' என்பதே. அதன் இறந்தகாலம் 'ஃபெல்'. வீழ்த்துதலுக்கும் 'ஃபெல்' என்பதே பகுதி. அதன் இறந்தகாலம் 'ஃபெல்டு'. மரம் வீழ்ந்தது எனின் ஃபெல். மரத்தை வெட்டி வீழ்த்தினர் எனின் ஃபெல்டு. யான் அன்றைக்கு இச்சொல்லை எடுத்திருந்தாலும் இதே குழியில்தான் விழுந்திருப்பேன் போலும்.

பயன்பாட்டுக்கு வருவோம். வாக்கியத்தை எழுதுமுன் 'எதை?' என்று வினவுக. விடை உண்டாயின் லே, லெய்டு; விடை இல்லையாயின் லை, லே, லேன். புத்தகத்தை மேசைமேல் வைத்தான்: எதை என்றதற்குப் புத்தகத்தை என்னும் விடை உண்டு, லெய்டு. புத்தகம் மேசைமேல் கிடந்தது: விடையில்லை, லே. நெடுநாளாகக் கிடந்திருந்தது எனின் ஹாட் லேன். செயப்பாட்டு வினையாக வரின் ஐயமே வேண்டா. 'கிடக்கப்பட்டது' என்று தமிழில் இல்லாதவாறே ஆங்கிலத்திலும் 'வாஸ் லேன்' என்று இல்லை. 'வாஸ் லெய்டு' என்று எழுதும் ஒவ்வொரு முறையும் செய்தவன் ஒருவன் திரைக்குப் பின்னால் நிற்கின்றான் என்பதை நினைவிற் கொள்க. எங்கள் மாமாவின் முதலாளி தேடியது அவனைத்தான்.

இவ்வினாவைத் தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு கேட்பதில் ஒரு சங்கடம் உண்டு. எல்லாவிடத்தும் கிட, கிடத்து என்று தமிழ் சொல்லுவதில்லை. கோழி முட்டையிடுகிறது; கொத்தர் செங்கல் அடுக்குகிறார்; பெரியோர் அடிக்கல் நாட்டுகின்றனர்; இருப்புப்பாதை போடுகின்றனர்; விரிப்பை விரிக்கின்றனர். இவையனைத்திற்கும் ஆங்கிலம் லே ஒன்றையே ஆளும். சொல் பலவாயினும் எல்லாம் 'எதை' என்னும் வினாவுக்கு விடையுடையன என்பதைக் காண்க. 'எங்கள் கோழி நன்றாக இடுகிறது' என்று செயப்படுபொருள் தொக்கு நிற்பினும் அது லேதான்; முட்டை சொல்லாமலே பெறப்படும். மறுபக்கத்தில், ஓர் ஊர் இன்ன இடத்தில் அமைந்துளது என்பதற்கு ஆங்கிலர் லை என்பர். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது என்று எழுதும்போது அவர்கள் ஆள்வது இச்சொல்லே. 'கரடியூர் மலைமேல் கிடக்கிறது' என்று யான் தமிழில் எழுதினால் எங்கள் ஊரார் என்னை ஊருக்குள் விடார். காடு பரந்து கிடக்கலாம். பள்ளத்தாக்கில் பனி கவிந்து கிடக்கலாம். மனிதர் வாழும் ஊர் கிடத்தல் இழிவு. நிலத்தின் கிடக்கையை ஆங்கில நாட்டார் 'லை ஆஃப் த லேண்ட்' என்றும், அமெரிக்கர் 'லே ஆஃப் த லேண்ட்' என்றும் வழங்குவர். அஃது அவர்கள் வீட்டு வழக்கு. நாம் தலையிட வேண்டுவதில்லை.

டிட் என்னும் துணைவினை வருமிடமும் கவனிக்கத்தக்கது. அதன்பின் இறந்தகால வடிவம் வராது, பகுதியே வரும். எனவே 'அவன் படுக்கவில்லை' என்பதற்கு 'ஹி டிட் நாட் லை டவுன்' என்க. இங்கே டவுன் என்பதை விட்டுவிட்டால் அவன் பொய் சொல்லவில்லை என்றும் பொருள்படும். பொய்யைக் குறிக்கும் சொல்லாயிற்றே என்று அஞ்சித்தான் பலர் லை என்பதை விட்டு லேயைப் பற்றிக்கொள்கின்றனர் என்பது என் எண்ணம்.

இரு வினைகளும் தத்தம் இடத்தில் நிற்பதைக் காட்ட எங்கள் மலையின் பாறையையே சான்றாகக் கூறலாம். கல்கத்தாவிலுள்ள புனித யோவான் ஆலய வளாகத்தில் யோபு சார்னாக் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறை இருக்கிறது. அதன்மேல் வைக்கப்பட்ட கல் சென்னைப் பக்கத்திலிருந்து சென்றது. தாமஸ் ஹாலந்து என்னும் நிலநூலார் அவ்வகைப் பாறைக்கு 1893இல் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். சேர்வராயன் மலையும் பெரும்பாலும் அப்பாறையால் ஆயதே. சார்னாக் அங்கே கிடக்கிறார் என்பதற்கு ஆங்கிலத்தில் லை. அவர்மேல் கல் வைக்கப்பட்டது என்பதற்கு லெய்டு. மண்ணுக்குள் இருப்பவர்க்கு ஒரு வினை. மேலே கல்லைச் சுமந்து வைத்தவர்க்கு ஒரு வினை.

வேதாகமம் வாசிப்போர் இன்னும் நுட்பமானதோர் இடத்தைக் காணலாம். 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில், வெறுங்கல்லறையின்முன் தூதன் பேசுமிடத்தில், மத்தேயு 28ஆம் அதிகாரத்தில் லே என்னும் தன்வினை இறந்தகாலம் வருகின்றது. அதே செய்தியைக் கூறும் மாற்கு 16ஆம் அதிகாரத்தில் லெய்டு என்னும் பிறவினை வருகின்றது. ஒன்று ஆண்டவர் கிடந்த இடத்தை நோக்குகின்றது. மற்றொன்று பிறர் அவரைக் கிடத்திய இடத்தை நோக்குகின்றது. இடம் ஒன்றே, கண் மட்டும் வேறு. பன்முறை கேட்ட பகுதியாயினும், என் கடிதம் பிழைத்த பின்னரே இவ்வேறுபாடு என் செவியிற் பட்டது.

ஆங்கிலரே இவ்விரண்டையும் மயக்குகின்றனரே, நாம் ஏன் இவ்வளவு வருந்த வேண்டும் என்று கேட்கும் நண்பரும் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. கிடத்தற் பொருளில் லேயை வழங்குதல் 1300ஆம் ஆண்டளவிலேயே தொடங்கிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இலக்கணிகள் இதனைக் கடியத் தலைப்பட்டனர். பைரன் என்னும் பெருங்கவிஞரே 1818இல் வெளிவந்த 'சைல்டு ஹெரால்டு' நான்காம் காண்டத்தில் லை வரவேண்டிய இடத்தில் லேயை அமைத்துவிட்டார். எதுகை நோக்கிச் செய்தார் என்பர். இன்றும் அந்நாட்டுப் பேச்சில் இது பரவலாக உளது. பேச்சில் இதனைப் பெரும்பிழையாகக் கருத வேண்டா என்பதே என் கருத்தும்; பேசுவோன் முகமும் கையும் பொருளை விளக்கிவிடும். எழுத்திலோ முகமில்லை. அன்றியும் பைரன் எழுதியது கவிதை. அவர் சம்பளத்தை நிறுத்துவார் எவருமில்லை. விண்ணப்பமும் வாக்குமூலமும் எழுதுவோர்க்கு அச்சலுகை இல்லை.

அன்று மாலை ஆசிரியர் முன்னிலையிலேயே புதுக்கடிதம் எழுதினேன். இரவு வீசிய காற்றில் மரம் தானே வீழ்ந்தது, விடியும்வரை பாதையின் குறுக்கே கிடந்தது, அதனை வெட்டியவரோ கிடத்தியவரோ எவருமில்லை என்று தெளிவுபட எழுதி, முன்கடிதத்திலிருந்த பிழை எழுதிய மாணவனுடையதே, காவலருடையதன்று என்றும் சேர்த்தேன். ஃபெல், லே என்னும் இரண்டு சொற்களையும் ஆசிரியர் இருமுறை படித்துப் பார்த்தார். சம்பளம் பதினேழு நாள் கழித்து வந்தது. அதற்குள் அரிசிக் கடையிற் கடன் ஏறியிருந்தது.

சம்பளம் வந்த அன்று மாமா இரு கடிதங்களின் படிகளையும் எடுத்துவைத்துக்கொண்டு, "எங்கே மாப்பிள்ளை, எந்த எழுத்து?" என்று கேட்டார். முதற் கடிதத்தில் லெய்டு என்பதன்மேலும், இரண்டாவதில் லே என்பதன்மேலும் விரலை வைத்துக் காட்டினேன். ஆங்கில எழுத்தறியாத அவர் இரண்டையும் நெடுநேரம் மாறிமாறிப் பார்த்தார். "இது அதைவிடச் சின்னதாக இருக்கிறதே" என்றார்.